சிங்கப்பூர்ல ஹேண்டிமேன் வேலை பாக்க லைசென்ஸ் வேணுமா? அடிக்கடி வர்ற கேள்விகள்

நான் இங்க ஹேண்டிமேன் வேலை பாக்குறவன். தண்ணி டேப்பு மாத்துறது, ஷெல்ஃப் மாட்டுறது, கதவு கீல் சரி பண்றது, பெயிண்ட், இந்த மாதிரி. தேக்காவுல காய்கறி வாங்கப் போனாகூட யாராவது ஒருத்தர் நிறுத்தி "அண்ணே, நானும் இந்த வேலைய ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், என்னென்ன பெர்மிட் எடுக்கணும்"னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டுப் போட்டு தொண்டை காஞ்சு போச்சு, அதான் எழுதி வச்சிட்டேன்.

ஹேண்டிமேன் லைசென்ஸ் எந்த ஆபீஸ்ல எடுக்கணும்?

அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது. நெறய பேரு இத நம்ப மாட்டேங்குறாங்க, சிங்கப்பூர்ல எல்லாத்துக்கும் லைசென்ஸ் இருக்குமேன்னு. ஆளுக்கு லைசென்ஸ் இல்ல, வேலைக்குத்தான் லைசென்ஸ். செவத்துல படம் மாட்ட எதுவும் வேணாம். அதே செவத்துக்குள்ள போற ஒயரத் தொட்டா ஒரு லைசென்ஸ், குழாயத் தொட்டா இன்னொண்ணு, செவத்தையே இடிச்சா பெர்மிட். அதனால "எனக்கு என்ன லைசென்ஸ் வேணும்"னு கேக்காதீங்க, "இந்த வேலைய என் கையால செய்யலாமா"ன்னு கேளுங்க. கீழ உள்ள பாதிக் கேள்விக்கு அதுலயே பதில் வந்துடும்.

சரி, கம்பெனி பதிவு பண்ணணுமா?

உங்க அடையாள அட்டையில இருக்குற முழுப் பேர்லயே தொழில் பண்ணா அக்ராவுல, அதாவது தொழில்களப் பதியிற அரசாங்க அமைப்புல, பதிவு பண்ண வேண்டியதில்ல, சட்டத்துலயே விலக்கு இருக்கு. ஆனா அந்தப் பேரோட ஒரு "சர்வீசஸ்" சேத்தாலோ, "சூப்பர் ஃபிக்ஸ்"னு புதுசா பேரு வச்சாலோ பதிவு பண்ணியே ஆகணும். அக்ராவோட பிஸ்ஃபைல் தளத்துல சிங்பாஸ் (அரசாங்க லாகின்) போட்டு உள்ள போனா வீட்டுல உக்காந்தே முடிக்கலாம். பேருக்கு 15 வெள்ளி, ஒரு வருஷப் பதிவுக்கு 100 வெள்ளி, மூணு வருஷத்துக்கு 160. பிரைவேட் லிமிடெட்டா போனா பேருக்கு அதே 15, பதிவுக்கு 300.

ஒண்ணு சொல்லிடுறேன், சொந்தத் தொழில் பண்றவங்க மெடிசேவ்ல (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) பாக்கி வச்சிருந்தா தொழில் பேரப் பதிவு பண்ணவோ புதுப்பிக்கவோ விடாது, அதக் கட்டிட்டுத்தான் வரணும். வருஷத்துல நிகர வருமானம் 6,000 வெள்ளியத் தாண்டிட்டா மெடிசேவ் கட்டணும், இது தெரியாம மூணு வருஷப் பாக்கியோட வந்து நின்ன ஆள எனக்கே தெரியும்.

சோல் புரோப்ரைட்டரா (தனி ஆள் பேர்ல தொழில்), பிரைவேட் லிமிடெட்டா (தனிக் கம்பெனி)ன்னும் கேப்பீங்க. தனி ஆளா டேப்பு மாத்துற வரைக்கும் சோல் புரோப்ரைட்டர் போதும்ங்கிறது என் எண்ணம். ஆனா அதுல தொழிலோட கடன் எல்லாம் உங்க கடன், யாரு வீட்டுலயாவது தண்ணி ஊத்தி பார்க்கே மரத் தரை ஊறிப் போச்சுன்னா உங்க சொந்தக் காசுலதான் கைய வைக்கணும்.

நான் ஒர்க் பெர்மிட்ல இருக்கேன், ஞாயித்துக்கிழமை மட்டும் சைடுல பண்ணலாமா?

கூடாது தம்பி. இதுக்கு சுத்தி வளைச்சு பதில் சொல்ல மாட்டேன். ஒர்க் பெர்மிட்ல எந்த மொதலாளி பேரு, என்ன வேலைன்னு இருக்கோ அது மட்டும்தான். லீவு நாள்ல, டார்மிட்டரிக்குப் பக்கத்து வீட்டுல, தெரிஞ்ச அக்கா வீட்டுல, எந்தச் சாக்கும் எடுபடாது. செல்லுபடியாகுற அனுமதி இல்லாம வேலை செஞ்சு மாட்டினா 20,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். வேலைக்கு வச்சவங்களுக்கு 5,000-லேர்ந்து 30,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 12 மாசம் வரைக்கும் ஜெயிலும் வரலாம். ஊருக்கு அனுப்பிட்டா திரும்ப வர்றதும் சந்தேகம்தான். ஏஜென்ட்டுக்குக் கட்டின கடன் இன்னும் அடையாம இருக்கும், அம்பது வெள்ளிக்காக இருக்குற வேலைய அடகு வைக்காதீங்க.

இது வீட்டுக்காரங்களுக்கும் சேத்துத்தான். "பாவம், நம்ம ஊருப் பையன், அவனுக்கும் நாலு காசு கெடைக்கட்டும்"னு கூப்புடுறீங்க, நல்ல மனசுதான், ஆனா அந்தப் பையனுக்கு நீங்க பண்றது நல்லது இல்ல.

கரண்ட் வேலை எது வரைக்கும் நான் செய்யலாம்?

பல்ப் மாத்தலாம். பிளக்குக்குள்ள இருக்குற ஃபியூஸ் மாத்தலாம். புதுசா பவர் பாயிண்ட் போடுறது, ஒயர் இழுக்குறது, இருக்குற பாயிண்ட்ட நகத்துறது, டிபி பாக்ஸ்னு சொல்ற மெயின் ஸ்விட்சுப் பெட்டியக் கழட்டுறது, எல்லாமே இஎம்ஏ (எரிசக்திச் சந்தை ஆணையம்) லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிகல் ஒர்க்கர் வேலை. எல்ஈடபிள்யூன்னு சொல்லுவாங்க. அதுலயே மூணு படி இருக்கு: எலக்ட்ரிஷியன், டெக்னிஷியன், இன்ஜினியர். எலக்ட்ரிஷியன் லைசென்ஸ்ல 45 கேவிஏ மின்சுமை வரைக்கும் பண்ணலாம், அரசாங்க எச்டிபி அடுக்குமாடி வீட்டுக்கு அது தாராளம்.

என் ரூல் இதுதான்: ஸ்க்ரூ டிரைவர் ஒயர் முனையத் தொடணும்னா நான் தொடுறதில்ல. ஃபேனோட மோட்டார தூக்கிப் புடிப்பேன், ராடு மாட்டுவேன், எறக்கை முடுக்குவேன், ஒயர் சேக்குறதுக்கு லைசென்ஸ் உள்ள ஆளு வருவாரு. கஸ்டமருக்கு ரெண்டு பேரு கூலின்னு கொஞ்சம் வருத்தம், இருக்கட்டும்.

பழைய வீடுன்னா ரெண்டு விஷயத்தப் பாருங்க. 1994-க்கு முன்னாடி கட்டின எச்டிபி புளோக்குல மெயின் ஸ்விட்சு 30 ஆம்ப்பா இருக்கலாம், அப்பறம் வந்ததெல்லாம் 40. இது தெரியாம ஏர்கான், ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்புன்னு மாட்டிகிட்டே போனா ட்ரிப் ஆகும், உடனே "நீ மாட்டினதுலேர்ந்துதான் இப்படி"ன்னு ஃபோன் உங்களுக்குத்தான் வரும். ரெண்டாவது ஆர்சிசிபி, கரண்ட் கசிஞ்சா வீட்டு சப்ளைய வெட்டுற ஸ்விட்சு. 1985-க்கு முன்னாடி கட்டின வீடுகள்ல அது இல்லாம இருக்கலாம். 2025 ஜூலை 1-க்குள்ள எல்லா வீட்டுலயும் இருக்கணும்னு ரூல் வந்துச்சு. டிபி பாக்ஸ்ல "டெஸ்ட்"னு ஒரு சின்ன பட்டன் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வீட்டுக்காரருகிட்ட சொல்லி எல்ஈடபிள்யூவக் கூப்புடுங்க.

இன்னொரு தலைவலி ஆன்லைன்ல வாங்குற சாமான். கஸ்டமரே எங்கயோ ஒரு அடாப்டரோ ஃபேனோ வாங்கி வச்சுட்டு "மாட்டு"ம்பாங்க. இங்க விக்கிற அடாப்டர், பிளக், வாட்டர் ஹீட்டர், ஃபேன் இதுக்கெல்லாம் சேஃப்டி மார்க் இருக்கணும், இல்லாத சாமான நான் மாட்டுறதில்ல. நீங்களே வாங்கி மேல காசு வச்சு வித்தா விக்கிறவர் நீங்கதான், பொறுப்பும் உங்க தலையிலதான்.

டேப்பு மாத்த லைசென்ஸ் பிளம்பர் வேணுமா?

டேப்பு, மிக்ஸர், ஃப்ளஷ் டேங்க், டாய்லெட் பௌல், இதெல்லாம் இருந்த எடத்துலயே பழச எடுத்துட்டு புதுச வைக்கிறதுன்னா யாரு வேணா செய்யலாம். குழாய மாத்தணும், நீட்டணும், புதுசா இழுக்கணும்னா பியூபி (தண்ணி வாரியம்) லைசென்ஸ் உள்ள பிளம்பர். 2018-லேர்ந்து தண்ணிக் குழாய் வேலை, கழிவுக் குழாய் வேலை ரெண்டுக்கும் ஒரே லைசென்ஸ்தான். டேங்க் வச்ச ஹீட்டரும் அவருக்குத்தான் விட்டுடுறது.

பிரச்சனை என்னன்னா, இந்தப் பக்கத்துல ஆரம்பிக்கிற வேலை அந்தப் பக்கம் போய் நின்னுடும். அங் மோ கியோவுல ஒரு பழைய வீடு, ஆன்ட்டி சமையக்கட்டுல டேப்பு ஒழுகுது, இருபது நிமிஷ வேலைன்னு போனேன். வால்வ மூடிட்டு ஸ்பானரப் போட்டு லேசா திருப்புறேன், டேப்போட சேந்து செவத்துக்குள்ள இருந்த குழாயோட மொனையும் பொடிப் பொடியா கையோட வருது, துரு. கையில பழைய டேப்பு, அதுக்குள்ள ஒடஞ்ச மரைத் துண்டு, செவத்துல ஓட்டை. அப்ப மனசு சொல்லும், டைலக் கொஞ்சமா ஒடச்சு குழாய சேக்குற ஒரு சாக்கெட்டப் போட்டு சிமெண்ட் பூசிட்டா யாருக்குத் தெரியப் போகுதுன்னு. நான் ஆரம்பத்துல அப்படி ஒரு எடத்துல பண்ணி, ரெண்டு வாரத்துல செவத்துக்குள்ளயே கசிஞ்சு கேபினெட் பலகை உப்பி, முழுசும் என் காசுல மாத்திக் கொடுத்தவன். அதனால ஆன்ட்டிகிட்ட உள்ளத உள்ளபடி சொன்னேன், வால்வு மூடியே கெடக்கட்டும், ராத்திரிக்கு பாத்ரூம் பக்கெட்ல தண்ணி புடிச்சு சமாளிங்க, காலையில லைசென்ஸ் பிளம்பரோட வர்றேன்னு. மொகம் சுளிச்சாங்க, ஆனா அடுத்த மாசம் மகன் வீட்டுக்கும் என்னத்தான் கூப்பிட்டாங்க.

அதனால வேலைக்கு ஒத்துக்குறப்பவே "உள்ள குழாய் போயிருந்தா வேற ஆளு வரணும், வேற ரேட்டு"ன்னு மெசேஜ்ல எழுதிடுங்க. டேப்பு வாங்குறப்ப தண்ணி சிக்கன லேபிள் இருக்கான்னு பாத்து வாங்குங்க, 2019-லேர்ந்து கொறஞ்சது ரெண்டு டிக் இருக்கணும். ஜாலான் புசார் கடைக்காரங்களுக்கு இதெல்லாம் அத்துப்படி, பார்சல்ல வெளிநாட்டுலேர்ந்து வர்றதுலதான் சிக்கல்.

கேஸ், ஜன்னல், ஏர்கான், கொசு மருந்து?

குழாய் கேஸ்னா லைசென்ஸ் உள்ள கேஸ் சர்வீஸ் ஒர்க்கர், பேச்சே இல்ல. ஏர்கான் வெளி யூனிட்ட மாட்ட பிசிஏ (கட்டட, கட்டுமான ஆணையம்) பயிற்சி எடுத்த இன்ஸ்டாலர் வேணும். எலி, கொசுவுக்கு மருந்தடிக்க என்இஏ (சுற்றுப்புற வாரியம்) லைசென்ஸ், அது தனித் தொழில்.

ஜன்னல்தான் நெறய பேரு லேசா எடுத்துக்குறாங்க. திறந்து மூடுற அலுமினிய ஜன்னல்ல பழைய அலுமினிய ரிவெட்ட எடுத்துட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவெட் போடணும்னு 2004-லேர்ந்தே சட்டம். மாத்தாத வீட்டுக்காரருக்கு 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் இருக்கு. கவனிக்காம விட்டு ஜன்னல் கீழ விழுந்தா 10,000 வெள்ளி, ஒரு வருஷம் வரைக்கும் போகும். அந்த வேலைய பிசிஏ லிஸ்ட்ல உள்ள ஜன்னல் கான்ட்ராக்டர்தான் செய்யணும். பத்தாவது மாடியில நின்னுகிட்டு "ரெண்டு ரிவெட்டுதானேண்ணே"ன்னு கேப்பாங்க, நான் துணி வச்சு தொடைக்கக்கூட யோசிப்பேன்.

எச்டிபி பெர்மிட் எதுக்கெல்லாம் வேணும்?

பெயிண்ட், திரை, ஷெல்ஃப் இதுக்கெல்லாம் வேணாம். செவத்த இடிக்கிறது, பாத்ரூம் டைல் எடுக்குறது, ஜன்னல் மாத்துறது, இதுக்கெல்லாம் வேணும். பெர்மிட்டுக்கு எச்டிபியோட ரெனோவேஷன் கான்ட்ராக்டர் டைரக்டரியில உள்ள ஆளுதான் அப்ளை பண்ண முடியும், உங்க பேரு அதுல இல்லன்னா அந்த வேலைய எடுக்காதீங்க, லிஸ்ட்ல உள்ளவர் பேரக் கடன் வாங்கிப் பண்றது இன்னும் மோசம்.

புது வீடா இருந்தா புளோக் கட்டி முடிச்ச தேதியிலேர்ந்து மூணு வருஷத்துக்கு பாத்ரூம் தரை, செவுரு டைல ஒடைக்கக் கூடாது, உள்ள இருக்குற வாட்டர்ப்ரூஃபிங் போயிடும்னுதான். பழைய டைல் மேல புது டைல் ஒட்டலாமான்னு கேட்டா பெர்மிட் எடுக்குற கான்ட்ராக்டரக் கேளுங்க. வீட்டுக்குள்ள இருக்குற பாம் ஷெல்டர் (போர்க்காலப் பாதுகாப்பு அறை) செவத்த இடிக்காதீங்க, அந்த இரும்புக் கதவ மாத்தாதீங்க, காத்துத் துளைய அடைக்காதீங்க. அந்த ரூமையே பூசை ரூமா மாத்தணும்னு கேக்குற குடும்பம் நெறய, சாமி மேடைய தரையில வச்சுக்கலாம், செவத்துல கைய வைக்க வேணாம். வாசக்கதவு மாத்துற வேலை வந்தாலும் அது அரை மணி நேரம் தீ தாங்குற கதவா இருக்கணுமான்னு எச்டிபியிலயே கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க, கதவு வாங்கின பெறகு கேட்டுப் பிரயோசனம் இல்ல.

எந்த நேரத்துல டிரில் போடலாம்?

எச்டிபியில ரெனோவேஷன் வேலை திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் காலை 9-லேர்ந்து சாயங்காலம் 6 வரைக்கும். ஞாயிறு, பொது விடுமுறையில கூடாது. இடிக்கிறது, டைல் வெட்டுறது, விடாம டிரில் போடுறது மாதிரி சத்தமான வேலைன்னா திங்கள்லேர்ந்து வெள்ளி, 9-லேர்ந்து 5 வரைக்கும்தான். சனிக்கிழமையும் கெடையாது, பெரிய பண்டிகைக்கு மொத நாளும் கெடையாது.

அந்தக் கடைசி வரியிலதான் நான் மாட்டினேன். தீபாவளிக்கு மொத நாள் ஒரு அக்கா, "தம்பி, விடிஞ்சா சாமி கும்புடணும், படத்துக்கு பலகை மாட்டிக் குடுப்பா"ன்னாங்க. கான்க்ரீட் செவுரு, எட்டு ஓட்டை, ஒவ்வொண்ணுக்கும் பிட்டு தெணறுது. மூணாவது ஓட்டையில பக்கத்து வீட்டு அங்கிள் வந்து நின்னு எனக்கு ரூல எடுத்துச் சொல்றாரு, அதுவும் அவரு சீனர், "டுமாரோ யுவர் தீபாவளி, யூ டோன்ட் நோ மே?"ன்னு. நமக்குத் தெரியல, அவருக்குத் தெரியுது. பாக்கி அஞ்சு ஓட்டை போடாம பலகைய மேசை மேல வச்சுட்டு வந்தேன்.

மேல் வீட்டுலேர்ந்து ஒழுகுது, கூரையில பூச்சு உதிருது, நான் போய் பூசலாமா?

பூசினா பூச்சுதான் நிக்கும், ஒழுகல் நிக்காது. எச்டிபியில கூரை ஒழுகலுக்கு மேல் வீடு, கீழ் வீடு ரெண்டும் சேந்துதான் பொறுப்பு, எச்டிபியோட ரிப்பேர் உதவித் திட்டத்துல போனா செலவுல பாதிய எச்டிபி ஏத்துக்கும், மீதிய ரெண்டு வீடும் பிரிச்சுக்கும். கஸ்டமருக்கு இத சொல்லிட்டு வந்துடுங்க. அன்னைக்கு சம்பளம் போகும், என்ன பண்றது.

கான்டோவுல?

தனியார் அடுக்குமாடியில எம்சிஎஸ்டி, அதாவது அந்தக் கட்டடத்தோட நிர்வாக அமைப்பு, வைக்கிற ரூல்ஸ்தான். மேனேஜ்மெண்ட் ஆபீஸ்ல முன்னாடியே பேரு குடுக்கணும், சில எடத்துல டெபாசிட் கேப்பாங்க, பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் பேப்பரக் கேப்பாங்க. கட்டடத்தத் தாங்குற செவுரு, தூணுன்னா பிசிஏ வரைக்கும் போகணும், அது நம்ம லெவல் இல்ல.

ஒடச்ச டைல், பழைய கேபினெட்ட எங்க போடுறது?

புளோக்குக்குக் கீழ விட்டுட்டு ஓடுறத மட்டும் செய்யாதீங்க. நகர மன்றம் பெரிய சாமான் எடுக்குற சேவை வீட்டு சாமானுக்குத்தான், ரெனோவேஷன் குப்பைக்கு இல்ல. லைசென்ஸ் உள்ள குப்பை சேகரிக்கிற கம்பெனிக்குக் காசு குடுத்து அனுப்புங்க, அந்தக் காசையும் கொட்டேஷன்லயே போட்டுடுங்க. வண்டியில ஏத்திட்டுப் போய் எங்கயாவது கொட்டி மாட்டினா 50,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், வண்டியையும் புடிச்சு வச்சுக்கலாம்.

வீட்டையே ஆபீஸா காட்டலாமா?

ஹோம் ஆபீஸ் திட்டத்துல அப்ளை பண்ணுங்க, 20 வெள்ளி, ஒரு தடவதான். பில் போடலாம், ஃபோன் எடுக்கலாம். சிமெண்ட் மூட்டை, பெயிண்ட் டின்னு அடுக்கி கொடோன் ஆக்கக் கூடாது, வெளிய போர்டு மாட்டக் கூடாது. காரிடார்ல ஏணி வைக்கிறதுக்கும் புகார் வரும், எங்க வீட்டம்மாவே மொதல்ல குடுப்பாங்க.

ஒருத்தர வேலைக்கு வச்சா?

சிங்கப்பூரரோ பிஆரோ (நிரந்தரவாசி) ஆனா மசேநி (மத்திய சேம நிதி) கட்டணும். ஒடல் உழைப்பு வேலைன்னா சம்பளம் எவ்வளவா இருந்தாலும் வேலைக்காய இன்சூரன்ஸ் எடுத்தாகணும், ஒரு நாள் ஏணியிலேர்ந்து வழுக்கினா போதும். மூணு மீட்டருக்கு மேலேர்ந்து விழ வாய்ப்பிருக்குற வேலைன்னா முன்னாடியே எழுத்துல பெர்மிட் போட்டு ஆரம்பிக்கிற மொறை இருக்கு. வீட்டுக்குள்ள பெரும்பாலும் அவ்வளவு ஒசரம் வராது, கடை வீடு, ரெட்டை மாடின்னா வரும்.

வரி, ஜிஎஸ்டி?

வருமானத்த ஐராஸ்ல (வருமான வரி ஆணையம்) காட்டணும், ரொக்கமா வாங்கினாலும் பேநவ்ல வாங்கினாலும். கணக்கு, பில்லு எல்லாம் அஞ்சு வருஷம் வச்சிருக்கணும். ஜிஎஸ்டி வருஷத்துக்கு பத்து லட்சம் வெள்ளிக்கு மேல வியாபாரம் ஆனாத்தான் கட்டாயம். பதிவு பண்ணாம பில்லுல 9 விழுக்காடு போட்டு வாங்குறது குத்தம், "எல்லாரும் போடுறாங்களே"ன்னு போட்டுடாதீங்க.

விளம்பரத்துல "லைசென்ஸ்டு ஹேண்டிமேன்"னு போடலாமா?

இல்லாத லைசென்ஸ எப்படிப் போடுவீங்க? அக்ரா பதிவு எண் இருந்தா "பதிவு பெற்ற தொழில்"னு போடுங்க, அது உண்மை. பொய்யா சொல்லி வேலை வாங்கினா நுகர்வோர் சட்டத்துல நியாயமில்லாத வியாபாரம்னு வரும். லிஃப்ட்லயும் தூண்லயும் நோட்டீஸ் ஒட்டுறதும் வேணாம், ஒட்டினவர் ஃபோன் நம்பர் அதுலயே இருக்குமே, தேடவே வேணாம்.

கஸ்டமர் காசு தரலன்னா?

சிறு உரிமைகோரல் மன்றம். 20,000 வெள்ளி வரைக்கும், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா 30,000 வரைக்கும், ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். வக்கீல் வைக்க முடியாது, நீங்களே பேசணும். அதே கதவு வழியா கஸ்டமரும் உங்க மேல வரலாம். அதுக்குத்தான் சொல்றது, வேலைக்கு முன்னாடி ஒரு ஃபோட்டோ, முடிஞ்சதும் ஒரு ஃபோட்டோ, ரேட்ட வாட்ஸ்அப்ல எழுதி "ஓகே"ன்னு வாங்கிட்டு கைய வைங்க.

வீட்டுக்கு வர்ற ஆளு லைசென்ஸ் உள்ளவர்தானான்னு எப்படிப் பாக்குறது?

எலக்ட்ரிஷியனா இருந்தா இஎம்ஏ தளத்துல, பிளம்பரா இருந்தா பியூபி தளத்துல பேரப் போட்டுத் தேடலாம். கார்டக் காட்டச் சொல்லுங்க, தப்பே இல்ல. ரெனோவேஷன்னா எச்டிபி பெர்மிட் வீட்டு வாசல்ல ஒட்டியிருக்கணும்.

அப்ப நீங்க ஏன் லைசென்ஸ் எடுக்கல?

எடுக்கலாம், ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) பக்கம் படிப்பு இருக்கு, அப்பறம் அனுபவத்தக் காட்டி அப்ளை பண்ணணும். ராத்திரி கிளாஸ், பகல்ல வேலை, ரெண்டையும் போட்டு பாத்துட்டு மூணாவது வாரம் கிளாஸ்லயே தூங்கிட்டேன். இப்ப அண்ணன் மகன் எலக்ட்ரிகல் படிக்கிறான், ஏணி புடிக்க லீவு நாள்ல வருவான், ஒயரத் தொட விடுறதில்ல. அவன் கேக்குறான், "சித்தப்பா, நான் லைசென்ஸ் வாங்கினா எனக்கு எவ்வளவு தருவீங்க"ன்னு.